மணிக்கூண்டிலிருந்து முதுகு காட்டி இறங்கினோம்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் கை கால் முழுசாக ஊர் திரும்பிவிட்டோம், கடல் தாண்டி அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கிற குட்டியும் சௌக்கியம்தானே. ஃபோனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் கடிதம்.

தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்க டூர் பஸ்ஸில் போனோம். நாடாளுமன்றம், வெற்றி வளைவு, ராஜா படுத்த கட்டில், ராணி முகம் பார்த்த கண்ணாடி எல்லாம் பார்த்தோம். பார்த்தது நான்தான், உன் அப்பா பார்த்ததெல்லாம் சுவரில் ஓடிய ஒயர். காலமெல்லாம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவர் ஆயிற்றே. அரண்மனை சரவிளக்கின் பெருமையைக் கைடு பெண் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "இதுக்கு எர்த் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். அவள் அது யாரோ இளவரசர் என்று நினைத்துக்கொண்டு, அவர் இந்த அரண்மனையில் இருந்ததில்லை சார் என்று பணிவாகச் சொன்னாள்.

அப்புறம் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்தபோது உன் பிரசவத்துப் பேச்சை எடுத்தேன். பிள்ளை எத்தனை தரம் கேட்டுவிட்டாள், டிக்கெட் போட வேண்டாமா, போறோமா இல்லையா சொல்லுங்க என்றேன். "அந்தத் தூணப் பாரு, ஒரே கல்லு" என்றார். நீயாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட கோபம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று போன வாரம் நீ அழுதாயே, எனக்கும் அதே நினைப்புதான். ஆத்திரத்தில் விருட்டென்று எழுந்து எதிரே இருந்த பழைய மணிக்கூண்டுக்குள் நுழைந்து ஏற ஆரம்பித்துவிட்டேன். கோபம் இருக்கிற வரைக்கும் படி தெரியவில்லை. உச்சிக்குப் போய்க் கீழே பார்த்ததும் கோபம் ஓடிப்போனது, கால் நின்றுபோனது. பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே மணி அடித்தது பார், பக்கத்தில் நின்ற வெள்ளை மீசைக்காரர் ஒருவரை இறுகக் கட்டிக்கொண்டுவிட்டேன். அவர் மனைவி அதைப் படம் வேறு எடுத்தாள். அவரை விட்டதும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காவலர் வந்து இறங்கும்மா என்று கெஞ்சினார், பிடித்த கம்பியை விட்டுக் கை வந்தால்தானே.

கைடுக்குத் தகவல் போய், உன் அப்பா மூச்சு வாங்க ஏறி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கீழ பாக்காத. கம்பம் எறங்குற மாதிரி படியப் பாத்து, பின்பக்கமா எறங்கு. நான் ஒரு படி கீழயே வரேன், விழுந்தா என் மேலதான் விழுவ" என்றார். என் உடம்புக்கு அது பெரிய தைரியம்தான். அப்படியே இறங்கினோம். மேலேயிருந்து வந்த மீசைக்காரரும் மனைவியும் இங்கே இதுதான் முறை போலிருக்கிறது என்று அவர்களும் திரும்பிக்கொண்டார்கள், அவர்களைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடமே டீச்சரோடு திரும்பிக்கொண்டது.

பாதி வழியில், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாம் என்ற தெம்பில், அவராகவே வாயைத் திறந்தார். "புள்ள மேல எனக்கென்ன கோபம்? ஏரோப்ளேன்னா பயமா இருக்கு." நான் அப்படியே நின்றுவிட்டேன், மேலே எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். கம்பம் ஏறுன மனுஷனுக்கா பயம் என்றேன். "கம்பத்துல இடுப்புக்கு பெல்ட் இருக்கு, பிடிக்க கம்பி இருக்கு. அது எதப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?" என்றார். சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமே விட்டுப்போனது. பிள்ளையிடம் சொல்லாதே, மானம் போய்விடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

கீழே வந்து தண்ணீர் குடித்ததும், டிக்கெட் போடச் சொல்லு என்றார். ஜன்னல் ஓரம் மட்டும் வேண்டாமாம்.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்டூல் மேல் ஏறி எதையும் எடுக்காதே. நீயும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஏர்போர்ட்டில் அப்பாவைப் பார்த்ததும் பயணம் எப்படி இருந்தது என்று கேட்காதே, கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

உன்னைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கும்,
அம்மா