சவுனா கதவுக்கு வெளியே அப்பா

ஜூன் 9
கோடை வேலை தொடங்கியாச்சு. அப்பா ஓட்டும் பேருந்தை நான் கழுவுகிறேன். இருக்கைக்கு அடியில் சூயிங்கம் சுரண்டுவது என் துறை. பதினாறு வயதிலேயே துறைத் தலைவி!

ஜூன் 12
மேற்பார்வையாளர் பதவி காலி. அப்பாவும் கேட்டிருக்கிறார், இன்னொரு ஓட்டுநர் மிக்கோவும் கேட்டிருக்கிறான். மிக்கோவுக்குத் தொழில் பழக்கியதே அப்பாதான்.

மேலாளர் பெத்தேரி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "வர்சாமே தங்கமான ஆளுப்பா. ஆனா என்னமோ, ஆளு பிடிபடலையே. மிக்கோன்னா நம்ம பய."

பிடிபடலையாமே! நான் பின்லாந்தில் பிறக்கும் முன்பிருந்தே அப்பா இங்கே ஓட்டுகிறார். இவர்களுக்கு அவர் இன்னும் 'சோமாலியா வர்சாமே'தான்.

ஜூன் 13
புரிந்துவிட்டது. வியாழன்தோறும் ஆண்கள் எல்லோரும் டிப்போவின் நீராவிக் குளியலறையான சவுனாவில் பிறந்தமேனியாக உட்கார்ந்து வேர்க்கிறார்கள். யாருக்கு எந்தத் தடம், யாருக்கு என்ன பதவி — எல்லாம் அந்த ஆவியில்தான் வேகிறது. அப்பா ஒருமுறை அரைக்கால் சட்டையோடு போனாராம். "என்ன வர்சாமே, கடல்ல குளிக்க வந்தியா?" ஒரே சிரிப்பு. அதோடு சரி.

"ஏம்ப்பா, போய்க் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, 'உன்னை யாரு வராதேன்னா?'ம்பாங்க."

தூக்கம் வரவில்லை. கோபமா வருது.

ஜூன் 19
சவுனா கதவில் ஒரு தாள், மின்னல் படத்தோடு: 'அடுப்பு பழுது. தொட்டால் ஷாக். — பராமரிப்புப் பிரிவு.'
(எழுதியது பராமரிப்புப் பிரிவு அல்ல.)

துண்டும் கையுமாகப் பெரிய மனிதர்கள் காப்பி அறைக்கு வந்தார்கள். அங்கே அப்பா தனியாக ஏலக்காய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, பெத்தேரி பேருந்தைப் பின்னால் எடுக்கும் அழகை அப்பா நடித்துக் காட்டினார் பாருங்கள்! கம்பத்தில் இடித்துவிட்டுக் கம்பத்தையே திட்டுவது வரைக்கும். அதிகம் சிரித்தது பெத்தேரிதான்.

"யோவ், இத்தனை நாளா எங்கேய்யா இருந்தே?"

"இதே நாற்காலியிலதான்," என்றார் அப்பா. "எல்லா வியாழனும்."

மிக்கோ முகம் சிவந்துவிட்டது.

ஜூன் 20
மாட்டிக்கிட்டேன். பெத்தேரி கூப்பிட்டார். "பராமரிப்புப் பிரிவுல யாரும்மா மின்னலுக்குச் சிரிக்கிற மூஞ்சி வரையறது?"

செத்தேன் என்று நினைத்தேன். அவர் வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார். "எழுது. 'வேலைப் பேச்சு காப்பி அறையில். இங்கே வேர்வை மட்டும்.' மூஞ்சியும் போடு."

ஜூன் 30
இருவருக்கும் நேர்காணல். காப்பி அறையில். சட்டையோடு!

ஜூலை 8
நான் கழுவி முடித்த பேருந்தில் அப்பா ஏறினார், குனிந்தார், இருக்கைக்கு அடியில் தடவினார்.

"இன்னும் ஒட்டுது. மறுபடி சுரண்டு."

"அப்பா!"

"வேலை நேரத்துல அப்பா கிடையாது. மேற்பார்வையாளர்."

சுரண்டினேன்.