பீங்கான் கரண்டி

நாரிஸ் ரோடு,
சிங்கப்பூர்.
20-8-1967

அன்பு மகள் கமலவேணிக்கு அம்மா செல்லக்கண்ணு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் ஒரு மாதமாக உனக்குக் கடிதம் போடவில்லை. அங்கே அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்புக்கும் நர்ஸ் படிப்புக்கும் வீரமாகாளியம்மன் துணை.

உன் அண்ணன் மகள் தேன்மொழி என்னிடம் திரும்பி வந்துவிட்டாள். இப்போது என் காலடியில் உட்கார்ந்து உன் பழைய ஏரோகிராம் கடிதம் ஒன்றைத் தின்றுகொண்டிருக்கிறாள். அவளை என்னிடமிருந்து கொண்டுபோனது உன் அத்தை ரத்தினம்மா. உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அப்பா தடுத்தார். தன் அக்கா என்கிற பயம். இன்று எழுதுகிறேன், ஒன்றையும் விட மாட்டேன்.

போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் இளஞ்சிவப்பாக ஒரு சீசா மருந்து கொடுத்தார்கள். ஒரு டீஸ்பூன், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், அதற்குள் அழுதாலும் கொடுக்கக் கூடாது என்று மருந்து கொடுத்த பெண் இரண்டு முறை சொன்னாள். நான் டீஸ்பூனைக் கழுவி ஒரு கிளாசில் போட்டு சீசா பக்கத்தில் வைத்தேன். மறுநாள் ஜொகூரில் ஒரு சாவு, போகாமல் முடியாது. உன் அண்ணன் தங்கராஜும் மருமகளும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போய்விட்டார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தையை வரச் சொன்னேன். அளவையும் சொன்னேன். "நாலு பெத்தவளுக்கே நீ சொல்லித் தர்றியா லா" என்று சிரித்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது பிள்ளை வாந்தி எடுத்து ஈரத் துணி மாதிரி அவள் தோளில் கிடந்தது. டாக்சி பிடித்து ஓடினோம். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை தரம் என்று டாக்டர் என்னைக் கேட்டார். ஒரு டீஸ்பூன் என்றேன். அவர் சீசாவை விளக்குக்கு நேரே பிடித்தார். அடியில் ஒரு விரல் அளவு இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அத்தை என் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

ஈரல் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தாள். மூன்றாம் நாள் வராந்தாவில் என் காதுபட அத்தை உன் அண்ணனிடம் சொன்னாள்: "உங்கம்மா தமிழ் மட்டும் படிச்சவ ராசா. சீசாவுல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, அவளுக்கு எப்படிப் புரியும், பாவம். பிள்ளைய எங்கிட்ட கொண்டா. புது பிளாட்டு, நல்ல காத்து." பாவம் என்றாள். உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை நேரே தோ பாயோவுக்குப் போனது. நான் வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன். கிளாசில் டீஸ்பூன் வைத்தபடி காய்ந்து கிடந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒரு பீங்கான் கரண்டி, கீழே கோப்பிக் கடையில் மீ சூப்புக்குக் கொடுப்பார்களே, அது. உள்ளே இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. வாயோரம் சிந்தாது என்று அதை எடுத்திருக்கிறாள். கழுவாமல் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். சமையலறையில் இருந்த அதே மாதிரி இன்னொன்றில் டீஸ்பூனால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மூன்று ஊற்றியும் இடம் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் விடு என்பார். உன் அண்ணனிடம் சொன்னால் அவள் அழுவாள், அவன் இளகிவிடுவான். எனக்குக் கூட்டம் வேண்டும். அவள் வீட்டிலேயே பிள்ளைக்குக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். பதினேழு நாள் காத்திருந்தேன். சமைத்தேன், கோயிலுக்குப் போனேன், கேட்டவர்களிடம் பிள்ளை அத்தை வீட்டில் நன்றாக இருக்கிறாள் என்று சிரித்தேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் கமலா. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

காது குத்தியதும் பிள்ளை வீறிட்டாள். முப்பது பேர் கூடியிருந்தார்கள். அத்தை உள்ளே போய் ஒரு மருந்து சீசாவும் இன்னொரு பீங்கான் கரண்டியும் கொண்டுவந்தாள். "ஒரு கரண்டி ஊத்தினா வலி தெரியாம தூங்கிடும்" என்றாள். நான் எழுந்து கைக்குட்டையைப் பிரித்தேன். "அண்ணி, அன்னைக்கும் இதுலதானே ஊத்தினீங்க?" என்றேன். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி எல்லோருக்கும் முன்னால், நான் கொண்டுபோயிருந்த டீஸ்பூனால் தண்ணீர் ஊற்றினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று உரக்க எண்ணினேன். மருதப்பன் மாமா, "அட, இது பிள்ளைக்கு மருந்தா, சூப்பா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "கொஞ்சம் கூடப் போனா என்ன? மருந்துதானே, விஷமா?" என்றாள். அப்போது மருமகள்தான் மெதுவாகக் கேட்டாள், அன்றைக்கு எத்தனை தரம் கொடுத்தீர்கள் என்று. "அழுதப்பெல்லாம் குடுத்தேன்" என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. மருமகள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். உன் அப்பா ஜன்னல் வழியாக அடுத்த பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் அவள் முகம் சுருங்கியதை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். லிப்ட் வரைக்கும் அத்தை பின்னாலேயே வந்தாள். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. "தெரிஞ்சிருந்தும் இத்தனை நாள் பிள்ளைய எங்கிட்ட ஏன் விட்டு வச்ச, செல்லக்கண்ணு?" என்றாள். நான் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு லிப்ட் பொத்தானை மறுபடியும் அழுத்தினேன். நீ நர்ஸுக்குப் படிப்பவள், இந்தக் கடிதத்தை வாசித்துக்கொண்டு வரும்போதே எண்ணியிருப்பாய். பதினேழு நாள். ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு சுட்டிருந்தால் அதே அளவுதான் ஊற்றியிருப்பாள். அது எனக்குத் தெரியும். அவள் தெரியாமல் கொடுத்தாள். நான் தெரிந்து பேசாமல் இருந்தேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவும் அவளை மன்னிக்க மாட்டேன்.

இப்போது மருந்து கொடுத்தால் மணியைக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். தேன்மொழி இருபத்தொரு ராத்தல் இருக்கிறாள். அந்த எடைக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு அதிகம் போனால் எத்தனை தரம் என்று எழுது. நீயும் குளிரில் தலைவலி என்று வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்தாக இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்று எனக்கு எழுதியவளே நீதான். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் காட்டு.

அத்தை மருமகளிடம் உன் விலாசத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். உனக்கு எழுதுவாள், அழுது எழுதுவாள். பதில் போடாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த வீட்டிலும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தரம். அதை மட்டும் பெரிய எழுத்தில், தமிழில் எழுது. மேலே அன்புள்ள அத்தை என்று போடாதே.

நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

உன் அம்மா,
செல்லக்கண்ணு