நடந்தபின் தேடிய வசனம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் எங்கள் உடம்புக்குக் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் கவலை. என் வேதபாட வகுப்பில் நீ ஒருநாள் எழுந்து, டீச்சர், வசனம் சொன்னதால அது நடந்துச்சா, இல்ல நடந்தப்புறம் போய் வசனத்தைத் தேடினாங்களா என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன், பல இடங்களில் தேடித்தான் எடுத்தார்கள். சுவிசேஷம் எழுதியவர்கள் யூதர்களின் வேதத்தில் ஊறியவர்கள், நெஞ்சை உடைத்த இயேசுவின் சாவுக்கு அர்த்தம் தேடி அந்தப் பழைய ஏடுகளுக்குள் போனார்கள். எகிப்திலிருந்து மகனை வரவழைத்தேன் என்று ஓசியா தீர்க்கதரிசி சொன்னது, யூதர்களின் முன்னோர் எகிப்தைவிட்டு வந்த, எப்போதோ நடந்து முடிந்த கதையை. மத்தேயு அதைக் குழந்தை இயேசுவுக்குப் பொருத்தி, நிறைவேறியது என்றார். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, இவனுக்கே தைத்தது போல இருக்கிறதே என்று தாய் பூரிப்பாளே, அப்படி.

உன் குழந்தை மூச்சில்லாமல் பிறந்த வாரம் பெரிய மாமா ஜெபக்கூட்டத்தில் எழுந்து, வேற சபைப் பையனை இவ கட்டினப்பவே எனக்கு ஒரு வசனம் வந்துச்சு, நான் வாயைத் தொறக்கல, இப்ப நிறைவேறிடுச்சு பாத்தீங்களா என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். யாரோ புண்ணியவதி உனக்குப் போனில் அனுப்பிய ஒலிப்பதிவு அந்த ஆமெனோடு முடிகிறது. நானும் ஆமென் சொன்னேன் என்று நினைத்துத்தான் போனை எடுக்காமல் இருக்கிறாயா? அதன் பிறகு நான் எழுந்து, அண்ணா, முன்னாடியே சொல்லாத தீர்க்கதரிசி எதுக்கு என்று கேட்டேன். டீச்சரம்மா, கேள்வியெல்லாம் ஸ்கூலோட விட்டுட்டு விசுவாசி என்றார். திரும்பும் வழியில் அப்பா, உங்கண்ணன் மழை பெஞ்ச மறுநாள் வானிலை சொல்றவரு என்றார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு இனி நான் போவதில்லை.

ஆறுதலுக்கு எடுத்த வசனங்களைப் பின்னால் வந்தவர்கள் கம்பாக்கி, அவற்றைத் தந்த யூதர்களையே அடித்தார்கள். மாமா புதிதாக எதையும் செய்துவிடவில்லை. மத்தேயுவோ, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ராஜாவால் ஊர்ப் பிள்ளைகள் வெட்டுப்பட்ட இடத்தில், பிள்ளைகளை இழந்து அழுவதாக எரேமியா எழுதிய தாய் ராகேலைக் கொண்டுவந்து அழ விடுகிறார். அந்தத் தாய் என்ன பாவம் செய்தாள் என்று அவர் கேட்கவே இல்லை, மகளே.

கர்த்தர் உங்கள் இருவரையும் தாங்குவாராக. மருந்தை நிறுத்திவிடாதே. ராகேலின் வசனத்துக்கு அடுத்து, பிள்ளைகள் தூரத்திலிருந்து வீடு திரும்புவார்கள் என்று இருக்கிறது. மத்தேயு அதுவரை போகவில்லை. அது உன் குழந்தைக்கு அல்ல, உனக்கென்று நான் தேடி எடுத்தது. நடக்கும் முன்பே எழுதி அனுப்புகிறேன். எரேமியா முப்பத்தொன்றை எடுத்து, அவள் அழும் இடத்தில் நிறுத்தாமல் இன்னும் இரண்டு வசனம் உரக்க வாசித்துப் பார்.

உன் அம்மா