முன்னறைக்கு ஒரு பல்பு

நேற்று காலை ஏழரை மணிக்கு, முன்னறையில் ஒரு பல்பு போடுவது என்று முடிவெடுத்தேன். ஒன்பது வாட், வெள்ளை வெளிச்சம். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. இரண்டு வருடமாக இந்த விஷயம் பரிசீலனையில் இருந்தது. எதிர்த் தரப்பு ஆஜராகவில்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. எதிர்த் தரப்பு நீதான்.

மழை வரும்போல இருந்ததால் குடையை எடுக்க அந்த அறைக்குள் போனேன். ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பதால் காலையிலும் அங்கே இருட்டு. உன் தூக்குச்சட்டி காலில் இடறியது. மூடி கழன்று சுவர் வரை உருண்டு, வட்டமடித்து, நெடுநேரம் சத்தம் போட்டுவிட்டுப் படுத்தது. அது அடங்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன். இந்த வீட்டில் என்னைத் தவிர வேறொன்று சத்தம் போட்டுப் பல நாள் ஆயிற்று.

"மொத ஆளு வரட்டும், அப்புறம் பல்பு போடலாம். ஆளில்லாத ரூமுக்கு எதுக்குங்க வெளிச்சம்?" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த உத்தரவை மீறித்தான் கடைக்குப் போனேன்.

உத்தரவை மீறுவது எனக்குப் பழக்கமில்லை. நீ ஜவுளிக்கடையில் பில் போட்டாய். நான் கிளை நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன். ஒரு நாளைக்கு நூறு புடவைகள் உன் கையைக் கடந்து போயின. வேலைக்கு நீ கட்டியது இரண்டு புடவைகளை, மாற்றி மாற்றி. நான் ஊரிலுள்ள எல்லாப் பத்திரிகைகளையும் படித்தேன், ஒன்றையும் வாங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரியவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். நீ சமையலறைக்குப் போனால் வெளிச்சமும் உன்னோடு போகும், நான் பக்கத்தை விரலால் அடையாளம் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சொந்த வீடு என்ற ஒன்று வரப்போகிறது, அதுவரை எல்லாவற்றையும் கொஞ்சம் கம்மியாக வைத்துக்கொள்வோம் என்றாய். பதினொரு வருடம் வைத்துக்கொண்டோம்.

நமது சிக்கனத்தின் சிகரம் அடி அண்ணாமலையில் நாம் இருந்த வாடகை வீடுதான். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. ஊரில் அப்படி ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ அதில் பாதி. காரணத்தை வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வீடு எனக்கு வேணும் சார். மலை சுத்த வர்றவங்களுக்கு வுடுவேன். சாயந்திரம் நாலு மணிக்கு சாவி குடுத்துடணும். காலைல ஆறு மணிக்கு வந்து வாங்கிக்குங்க."

"நாங்க எங்கம்மா போறது?" என்றேன்.

"என்னா சார் இது, மலைய வச்சிக்கினு எங்க போறதுன்னு கேக்கறீங்க?"

நீ உடனே சரி என்றாய். அப்படித்தான் நாம் பக்தர்களானோம்.

மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். நமக்குக் கிடைத்த நேரம் பதினான்கு மணி. மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிறவர்களை வேறு ஊரில் என்னவென்று சொல்வார்களோ தெரியாது, இங்கே கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு வலம் வருகிற தம்பதி என்று உன் கடையிலும் என் நூலகத்திலும் பேர் வாங்கினோம். அந்த நாளில் என் மேலதிகாரி என்னை ஒரு மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவைத்தார், தன் பெண் கல்யாணத்துக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொல்லி. வெறுங்கால் பற்றிய உன் விளக்கத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. "செருப்பு தேயாம பதினாலு கிலோமீட்டர் வேற எங்கங்க போக முடியும்?"

வழியெல்லாம் அன்னதானம். சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், மோர். இரவுச் சாப்பாடு அங்கே முடிந்துவிடும். மறுநாள் காலைக்கு உன் தூக்குச்சட்டி. ஒரே வரிசையில் இரண்டு தடவை நின்றதில்லை என்பது நமது கௌரவம். நீ ஒரு வரிசையில் நிற்பாய், நான் வேறொரு வரிசையில் நிற்பேன். ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம்.

ஒரு மாதம் திதி இரண்டு நாளில் விழுந்தது. வீட்டுக்காரம்மா இரண்டு நாளும் சாவி கேட்டாள். நான் வாய்த்தகராறுக்குத் தயாராகிப் பஞ்சாங்கத்தோடு போனேன். "ரெண்டு சுத்து சுத்துங்க சார், புண்ணியம் ஜாஸ்தி. உங்கள மாதிரி குடுத்து வச்சவங்க யாரு?" என்றாள். திரும்பி வந்து உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில், சாவி கொடுக்கவேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது.

எல்லாரும் இந்திர லிங்கத்தில் வலம் தொடங்குவார்கள். நமக்கு வாயு லிங்கத்தில் தொடக்கம், வீட்டுக்குப் பக்கம் அதுதான். எட்டு லிங்கங்களுக்கும் நீ இலாகா பிரித்திருந்தாய். வாயுவுக்கு ஜன்னல்கள். குபேரனுக்கு வங்கிக் கடன். ஈசானியத்துக்குப் பத்திரப்பதிவு. இந்திரனுக்கு மின் இணைப்பு. அக்னிக்குச் சமையலறை. மேஸ்திரி சொன்ன தேதியில் வரவேண்டியது நிருதியின் பொறுப்பு. போர் போட்டால் தண்ணீர் வரவேண்டியது வருணனின் பொறுப்பு. எம லிங்கத்துக்கு மட்டும் எதுவும் ஒதுக்கவில்லை. அங்கே வந்ததும் என் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போவாய். மொத்தச் சுற்றிலும் நாம் வேகமாக நடந்த இடம் அது ஒன்றுதான்.

"நிக்காதீங்க, வாங்க. நாம அவர ஒண்ணும் கேக்காம இருந்தா, அவரும் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாரு."

ஒன்பதாம் வருடம் மனை வாங்கினோம். தரகர் "கிரிவலப் பாதையில இருந்து கூப்பிடு தூரம் சார்" என்றார். நாம் ஏமாறுகிற ஆட்களா? சோதித்துப் பார்த்தோம். ஒரு பௌர்ணமி விடியற்காலை, வலம் முடிகிற நேரத்தில், பாதையிலிருந்து மனைக்கு நடந்தே போனோம். அடுப்பு மேடை எந்தப் பக்கம் என்று பேச ஆரம்பித்தோம். மேடை முடிவாவதற்குள் மனை வந்துவிட்டது. "அட, பத்து நிமிஷம் கூட ஆவலியே!" என்றாய். நானும் ஆமோதித்தேன். நம் இருவர் கையிலும் கடிகாரம் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் முன்னறை வந்தது. நமக்கு ஒரு படுக்கையறை போதும், தெருவைப் பார்த்துத் தனி வாசலோடும் தனிக் குளியலறையோடும் ஓர் அறை கட்டிவிட்டால், பௌர்ணமிக்கு யாத்திரிகர்களுக்கு விடலாம், கடன் தவணைக்கு ஆகும் என்றாய். வரைபடம் போட்டவர், "முன்னாடி ரூம் இவ்ளோ பெருசு, உங்க ரூம் இவ்ளோ சின்னதா?" என்று கேட்டார். வீடு என்பது மாதத்தில் ஒரு நாள் வேறொருவருக்குச் சேரவேண்டியது என்ற எண்ணம் நம் இருவருக்கும் எலும்பில் ஊறியிருந்தது. அவருக்கு அது புரிய நியாயமில்லை.

தை மாதம் குடிபோனோம். "மலை சுத்துறவங்களுக்கு ரூம் கிடைக்கும்" என்று உன் கையெழுத்திலேயே ஒரு பலகை எழுதி மாட்டினாய். முதல் பௌர்ணமி வந்தது. யாத்திரிகர் யாரும் வரவில்லை. மூன்றரை மணிக்கே நாம் இருவரும் பையைத் தயாராக வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நாலு அடித்தது. நாலேகாலும் ஆயிற்று.

"யாரும் போவச் சொல்லல, இல்ல?" என்று நீ மெதுவாகக் கேட்டாய்.

"நம்ம வீடு. யார் சொல்றது?"

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாய். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாய். "ஒக்கார முடியலங்க. வாங்க, ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாம்."

அடுத்தடுத்த பௌர்ணமிகளிலும் யாத்திரிகர் வரவில்லை. பெங்களூரிலிருந்து பேருந்தில் வந்து, மலையைச் சுற்றிக் கால் வீங்கிய ஒரு மனிதர், மேற்கொண்டு அவ்வளவு தூரம் எதற்காக வரவேண்டும்? மேஸ்திரியின் பைக்கில் ஒரு நாள் போகும்போது மீட்டரைப் பார்த்தேன். பாதையிலிருந்து நம் வீடு நாலு கிலோமீட்டர். உன்னிடம் அதை நான் சொல்லவில்லை. இப்போது தனியாக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகிறது.

அந்த வீட்டில் உனக்குக் கிடைத்தது ஆறு பௌர்ணமி. ஆடித் தள்ளுபடியின் மூன்றாம் நாள், பில் போட்டுக்கொண்டிருந்தவள் மேசைமேல் தலை சாய்த்தாய். களைப்பு என்று நினைத்துப் பக்கத்து மேசைப் பெண் உன் வரிசையையும் தன் வரிசையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண். பிறகு என்னிடம் வந்து அழுதாள். எம லிங்கத்தோடு நாம் செய்துகொண்ட ஏற்பாடு எழுத்தில் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வந்த பௌர்ணமிகளில் நான் வீட்டிலேயே இருந்தேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்ல முடியாது. பட்டா என் பெயரில் இருக்கிறது. இப்போது எல்லா அறையிலும் எரியவிட்டுப் படிக்கலாம், தட்டிக்கேட்க ஆளில்லை. ஆனாலும் ஒரு விளக்கின் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் பேச்சு என்று சொல்லிக்கொள்ள இருந்தது, நூலகத்தில் புத்தகம் திருப்புகிறவர்களோடு தேதி பற்றிய பேச்சுதான். பால்காரர் இந்தப் பக்கம் வருவதில்லை. நாய்கூடத் தெருமுனையிலேயே திரும்பிவிடுகிறது.

இனி நேற்றைக்கு வருகிறேன். நூலகத்துக்கு விடுமுறை. பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டேன், எரிந்தது. அணைக்க மனம் வரவில்லை. சட்டத்தை மீறி, பட்டப்பகலில், ஆளில்லாத ரூமில் எரிந்துகொண்டே இருந்தது. ஜன்னலையும் திறந்துவிட்டேன். அன்று பௌர்ணமி என்பது எனக்குத் தெரியும். பௌர்ணமி எனக்குத் தெரியாமல் வந்ததே இல்லை.

இந்த முறை கூட்டம் ஜாஸ்தி என்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் தெருவுக்குப் பின்னால் உள்ள தரிசில்தான் ஒரு தற்காலிக நிறுத்தம். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு வேன் குடும்பமே நின்றது.

"சார், வாணியம்பாடில இருந்து வர்றோம். லைட்டு எரியுதேன்னு பாத்தோம், போர்டும் இருந்துச்சு. ரூம் கிடைக்குங்களா? அம்மாவால நடக்க முடியல."

"எத்தினி பேரு?"

"ஏழு பேரு சார். கொழந்தைங்க ரெண்டு."

முன்னறையைத் திறந்துவிட்டேன். பல்பு நல்ல வெளிச்சம் தந்தது. நீ முடிவு செய்து வைத்திருந்த வாடகையைச் சொன்னேன், ஒரு ரூபாய்கூடக் கம்மி செய்யவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். உன் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஏழு பேர் படுக்க மட்டும் இடம் போதவில்லை. அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்தபடி கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"உள்ளார யாருப்பா இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப இதயும் வுட்டுடேன். புள்ளைங்க காத்தோட்டமாப் படுக்கும்."

சரி என்றேன்.

"நீ எங்கப்பா போவ?"

"நான் மலை சுத்தப் போறேன்மா." இதைச் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"குடுத்து வச்சவன்பா நீ. ஊட்ல அம்மா வரலியா?"

"முன்னாடியே போயிட்டாங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் குழந்தைகளுக்குப் பாய் விரிக்கப் போனாள். கேஸை மூடினேன். பீரோவைப் பூட்டினேன். நாலு மணிக்குச் சாவியைக் கொடுத்தேன்.

வாயு லிங்கத்தில்தான் தொடங்கினேன். ஜன்னல்கள் நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். அக்னியிடம், சமையலறையில் ஒருவேளைதான் அடுப்பு எரிகிறது, அதில் அவர் குற்றம் எதுவுமில்லை என்றேன். எம லிங்கத்தில் கையைப் பிடித்து இழுக்க ஆளில்லாததால் நின்றுவிட்டேன். முதல் தடவையாக உள்ளே போனேன். திருநீறு கொடுத்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்பாடு என் தரப்பில் இன்னும் அமலில் இருக்கிறது.

இரண்டு இடத்தில் அன்னதானம் நடந்தது. இரண்டு வரிசையிலும் நானே நின்றேன்.

இதை வருண லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, நூலகத்தின் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு டீயும் வாங்கிக் குடித்தேன், நீ இருந்திருந்தால் நடந்திருக்காது. தூக்குச்சட்டி மடியில் இருக்கிறது. எலுமிச்சை சாதம், இன்னும் லேசாகச் சூடு இருக்கிறது. விடியற்காலை மணி நாலே முக்கால். வீடு ஆறு மணிக்குத்தான் கிடைக்கும்.