நடுவில் விட்ட இடம்

14 மே 2013, செவ்வாய்

நிலக்கரி மைன்ஸில் இந்த மாதம் ரிட்டயர் ஆகிற ஒருவர், நான் டிசைன் பண்ணுகிற பேனர் கடைக்கு வந்தார். விழாவுக்கு பேனர் வேண்டுமாம். மேலே அவரும் மனைவியும், கீழே ஐந்து பிள்ளைகளின் படங்கள் வரிசையாக. கம்ப்யூட்டரில் அடுக்கி முடித்ததும் நடுவில் இருந்த பெண்ணைக் காட்டினார்.

"இத எடுத்துடும்மா."

"ஏன் சார்?"

"அது இப்ப எங்க வூட்டுல இல்ல. அதுவா ஒருத்தன கட்டிக்கினு போயிடுச்சி."

அழித்தேன். பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரிந்தது. மீதி நாலையும் செலக்ட் பண்ணி, இடைவெளியைச் சமமாக்குகிற டிஸ்ட்ரிப்யூட் கொடுத்தேன். ஓரத்துப் படங்கள் இரண்டும் அசையவில்லை. உள்ளே இருந்த இரண்டும் மெல்ல நகர்ந்து அவள் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. குவார்ட்டர்ஸ் வீடுகளின் வரிசை போல ஒரே அளவு இடைவெளி. அவள் இருந்த சுவடே இல்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். "வேணாம்மா, முன்ன இருந்த மாதிரியே வுட்டுடு."

"ஓட்டையா தெரியுமே சார்."

"தெரியட்டும்."

அன்டூ கொடுத்தேன். ஓட்டை திரும்பி வந்தது.

கண்ணை மூடினால் அந்தப் படங்கள் தண்ணீரில் மிதக்கிற மாதிரி விலகுகின்றன, சேர்கின்றன. நானும் அந்தப் பெண் மாதிரி நானாக என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு கிளம்பி வந்தவள்தான். போன வருஷம் முத்தாண்டிக்குப்பம் வழியாக பஸ்ஸில் போகும்போது தம்பியின் கல்யாண பேனரைப் பார்த்தேன். கல்யாணம் என்றே எனக்கு யாரும் சொல்லவில்லை. பேனரில் வரிசையாக அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, தங்கச்சி.

இடைவெளி எல்லாம் ஒரே அளவு. அவ்வளவு சுத்தமான வேலை.