இரண்டு இடது பக்கங்கள்

என் பிரியத்துக்குரிய சகலை,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரி கூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டியவர்கள். ஈசூனில் என் வீட்டுப் பக்கம் ஒரு பஸ் ஏறினால் புக்கிட் பாஞ்சாங்கில் உங்கள் வீட்டுக்கே வந்து வாய்ச்சண்டை போட்டு, சாப்பிட்டும்விட்டுத் திரும்பலாம். இப்போது அந்த வசதி இல்லை. நீங்கள் போன இந்த மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருப்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் பழைய பிக்கப் வண்டியைப் பற்றித்தான்.

பஸ் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லாரும் டூர் போவார்கள். நீங்கள் போய் ஒரு துருப்பிடித்த வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். வருஷத்தில் சில நாள் மட்டுமே ரோட்டில் ஓட்ட அனுமதியுள்ள வண்டி அது. “இதுக்குப் பதிலா அக்காவுக்கு ஒரு வளையல் வாங்கிப் போட்டிருக்கலாம்லா” என்றேன். “தீபாவளி லைட்டு போட்டதும் உங்க அக்காவை முன்சீட்டுல உக்கார வச்சு சிராங்கூன் ரோட்ல ஒரு ரவுண்டு வருவேன் சகலை. அப்ப நீங்க நடைபாதையில நின்னு கை காட்டுங்க” என்றீர்கள்.

எஞ்சினையும் பிரேக்கையும் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் பக்கவாட்டுத் தகடுகள்தான் மிச்சம். வலது பக்கத்தைத் துரு மொத்தமாகத் தின்றுவிட்டது. இடது பக்கம் மட்டும் அளவெடுக்கிற நிலையில் இருந்தது. தகட்டு வேலை என்றதும் என்னிடம் வந்தீர்கள். வேறு யாரிடம் போவீர்கள்?

ஒரு பெரிய அட்டையில் இடது பக்கத்தை அப்படியே வரைந்து வெட்டிக் கொடுத்தீர்கள். பின்கதவின் கீல் உட்காரும் துளைகள், சக்கரத்துக்கான வளைவு, மடிப்புக் கோடு எல்லாம் அதில் இருந்தன. ஒரு முகத்தில் ‘இடது’ என்று நீல மார்க்கரில் எழுதியிருந்தீர்கள். திருப்பினால் ‘வலது’.

நான் திருப்பவே இல்லை சகலை.

முப்பது வருஷமாக ஏர்கான் காற்றுக் குழாய் செய்கிறவன் நான். அது ஒரு நீளமான தகரப் பெட்டி, அவ்வளவுதான். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒன்றேதான், ஒன்றை அளந்துவிட்டால் மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். அந்தப் பழக்கத்தில் இரண்டு தகட்டிலும் அட்டையை ஒரே பக்கமாக வைத்து வரைந்தேன். என் கவனமெல்லாம் நேராக வர வேண்டும் என்பதில்தான் இருந்தது. அவ்வளவு நீளமான தகடு, மடிக்கும்போது கொஞ்சம் அசைந்தாலும் நடுவில் உப்பிக்கொள்ளும். மெஷினில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்தேன். நூல் பிடித்த மாதிரி வந்தது. சந்தோஷத்தில் எனக்கே தலைகால் புரியவில்லை.

மாட்டுகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டத்தையே கூட்டிவிட்டீர்கள். அக்கா, என் வீட்டுக்காரி சாந்தி, உங்கள் மகள் மலர், தேக்கா கோப்பிக் கடையில் நம்மோடு உட்காரும் ராசு அண்ணன், அவரோடு இன்னும் இரண்டு பேர். இடது பக்கம் அச்சாக உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்ததைத் தூக்கி வலப்பக்கம் வைத்தோம். மேல் மடிப்பு தொட்டிக்கு உள்ளே பார்த்து நின்றது. முன்பின்னாகத் திருப்பி வைத்தோம். மடிப்பு சரியானது, ஆனால் பின்கதவுத் துளைகள் டிரைவர் அறைப் பக்கம் போய்விட்டன. என் கையிலிருந்தது இன்னொரு இடது பக்கம்.

அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நீல மார்க்கர் எழுத்து கண்முன் வந்தது. “நான்தான் சகலை, அட்டையைத் திருப்ப மறந்துட்டேன்” என்று சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு வருஷத்துக்குக் கேலி செய்திருப்பீர்கள். அதைத் தாங்க முடியாத மனுஷனா நான்? ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், சற்று முன்தான் கை தட்டியிருக்கிறார்கள். வாய் முந்திக்கொண்டது.

“நீங்க அட்டையைத் தப்பா வெட்டிக் குடுத்திருக்கீங்க சகலை. நீங்க குடுத்தபடிதான் நான் மடிச்சேன்.”

“திருப்பிப் போடணும்னு எழுதியிருந்தேனே? அட்டை எங்க?”

“அதுல ஒண்ணும் எழுதலையே. வேலை முடிஞ்சதும் குப்பையில போட்டுட்டேன்.”

அட்டை அப்போதும் என் பட்டறையில், மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் சாய்ந்து நின்றது. நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு உங்கள் கையைப் பார்த்தீர்கள். “எழுதின மாதிரி ஞாபகம்” என்றீர்கள், என்னிடம் இல்லை, உங்களிடமே. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மறுவாரம் தேக்காவில், “எங்க சகலைக்கு எது இடது எது வலதுன்னே தெரியலப்பா” என்று நான் சொல்ல, ராசு அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் பேத்தி பிறந்தநாளில் மறுபடி சொன்னேன். அதற்கும் சிரித்தீர்கள்.

அதன்பிறகு நீங்கள் எதையும் ஒருமுறையோடு விடவில்லை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அக்கா பயந்து டாக்டரிடம் காட்டப் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கே பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வண்டிச் சாவி அக்காவின் அலமாரிக்குள் போனது. நீங்கள் திருப்பிக் கேட்கவும் இல்லை. “எனக்கு வயசாயிடுச்சு சகலை, என் கண்ணையே நம்ப முடியல” என்று என்னிடமே சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். மனுஷனா நான்? எட்டு மாதத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டு போய்விட்டது. வண்டி ஒரு பக்கத்தோடு அப்படியே நிற்கிறது.

பதினாறாம் நாள் காரியத்தன்று மலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, தகடு மாட்டின அன்னைக்கு நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. உண்மையச் சொல்லுங்க. அப்பாவுக்கு அப்பவே மறதி ஸ்டார்ட் ஆயிடுச்சா? எனக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு.”

அது ஒரு நல்ல சந்தர்ப்பம் சகலை. உங்கள் மகள் கண் கலங்க நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கொஞ்சம் தடுமாற்றம் இருந்துச்சும்மா.” முதல் பொய்யாவது பதற்றத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இது யோசித்து வந்தது. அன்றிலிருந்து கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யவே கூசுகிறது.

போன வாரம் லீவு போட்டுவிட்டு, அட்டையைத் திருப்பி வைத்து வலது பக்கத்தை மடித்தேன். நேராகத்தான் வந்தது. சந்தோஷமாகவா இருந்தது? இல்லை. மறுநாள் காலை புக்கிட் பாஞ்சாங் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். மலரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அக்கா திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

“மார்க்கெட்டுக்குப் போறப்ப எட்டு மாசமா அவர் கையப் புடிச்சுக்கிட்டே நடந்தேன் தம்பி. ரோட்டைத் தாண்டறப்ப, ‘நில்லுங்க, நான் சொன்னதும் வாங்க’ன்னு அதட்டுவேன். அவரும் நிப்பாரு. பஸ் ஓட்டி டெஸ்ட் பண்ணின மனுஷன், என் பேச்சைக் கேட்டு ரோட்டோரம் நிப்பாரு.”

நான் கீழே விழுந்து காலைப் பிடிக்காத குறைதான். “தகடு ரெடியா இருக்கு அக்கா. நாளைக்கே வந்து மாட்டிடறேன்” என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

“மாட்ட வேணாம்” என்றார் அக்கா. “அவரைப் பத்தி எல்லாரும் கேக்கற மாதிரி சொன்னீங்க. இப்ப வந்து என் காதுல மட்டும் சொல்றீங்க.”

மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். எனக்குக் கோப்பி கொடுக்கவில்லை. அந்த வீட்டில் நான் கோப்பி குடிக்காமல் இறங்கியது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு தேக்காவில், நீங்கள் எனக்காகச் சிரித்தீர்களே, அதே மேசையில் இதை வாசிக்கப் போகிறேன். ராசு அண்ணன் இருப்பார், மற்றவர்களும் இருப்பார்கள். மலரை வரச் சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டாள், வந்தால் சொல்கிறேன் என்றேன். அக்கா வருவாரா என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. பாதியில் நிறுத்த மாட்டேன், குரலைத் தாழ்த்த மாட்டேன், சிரித்து மழுப்ப மாட்டேன். உங்கள் கண்ணும் கையும் புத்தியும் கடைசிவரை தெளிவாகத்தான் இருந்தன என்று மலரின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் சொல்லப் போகிறேன்.

உங்கள் கொழுந்தியாளைக் கட்டியவன்,
இன்னமும் உங்கள் சகலை,
தங்கவேலு