இல்லு பண்டிக்கு ஏர் ஃபில்டர் மாற்றியது

பிப்ரவரி 9, 1981. திங்கள்

காலையில் லேசான குளிர், ஒன்பதுக்கெல்லாம் வெயில். மண்ணெண்ணெய் வரிசையில் முக்கால் மணி நேரம். கிடைத்தது.

இவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகி இன்றோடு பதின்மூன்று நாள். இடது கண்ணிலும் புரைதான், அது பிறகு. சொட்டு மருந்து நான்கு வேளை: 6, 11, 4, 9. டாக்டர் கூடாது என்று சொன்னவற்றை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். குனிய, தலைக்கு ஊற்ற, பாரம் தூக்க, தூசியில் நிற்க, பலமாக இரும, பலமாகச் சிரிக்க. கடைசியைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டில் யார் சிரிக்கிறார்கள்.

போலாரத்திலிருந்து யாதையா என்று ஒருவர் வந்தார். கோழி, முட்டை வியாபாரம். நம் வண்டியை விலைக்குக் கேட்கிறார். தெருப் பிள்ளைகள் தெலுங்கில் 'இல்லு பண்டி', வீட்டு வண்டி, என்று பேர் வைத்திருக்கிற வண்டி. கம்பெனி ஏலத்தில் எடுத்த பழைய வேனை, ஷிப்டு முடிந்து வந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டு வருஷம் வேலை செய்து வீடாக்கினார் இவர். இரண்டு படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர் டிரம், படுக்கைக்கு அடியில் பாத்திரப் பெட்டி. ரிட்டயர் ஆனதும் ஊர் ஊராகப் போவதாகத் திட்டம். போனது இதுவரை பக்கத்துக் கீசரகுட்டா கோயிலுக்கு மட்டும்.

யாதையா படுக்கைப் பலகையைத் தட்டிப் பார்த்தார். இதையெல்லாம் பிய்த்துவிட்டால் எத்தனை கூண்டு வைக்கலாம் என்று விரல் விட்டு எண்ணினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கோடு வந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றுதான் எல்லாம். பக்கத்து வீட்டு டேனியல் அண்ணன் (ரயில்வேயில் டிரைவர்) ஓட்டினார். வண்டி இழுக்கவே இல்லை. மெட்டுகுடா மேட்டில் பின்னால் ஒரே கரும்புகை. இவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பின் படுக்கையில் கிடந்தபடி, சத்தத்தை வைத்தே சொன்னார், "பிஸ்டன் ரிங்கு போயிட்டு. எஞ்சினையே பிரிக்கணும். இனி நான் எங்கன பிரிக்க?" அதற்குப் பிறகு வண்டிப் பேச்சை எடுத்ததே இல்லை.

10, செவ்வாய்

பிலாயிலிருந்து வள்ளி கடிதம். 'அப்பாவுக்குக் கண் இருக்கிற நிலையில் அந்த வண்டி எதற்கு அம்மா. யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொல்.' வாசித்துக் காட்டினேன். "மகளும் சொல்லிட்டாள்லா" என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

என் கவலை வேறு. இதில் மட்டும் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் திருச்செந்தூரானை நினைத்து மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாய் முடிந்தேன். கண் நல்லபடியாகத் திறந்தால் இதே வண்டியில் இவரைக் கூட்டிவந்து உண்டியலில் சேர்க்கிறேன் என்று வேண்டுதல். சாமி அலமாரியில்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் வண்டிதானே கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறது, அதிலேயே இருக்கட்டும் என்று, நான் உட்காரும் இடது சீட்டுப் பக்கம் ஒரு கறுப்புக் குழாயின் வாயில் சுற்றிக் கட்டினேன். அங்கே கட்டுவதற்குத் தோதாக வேறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால் காணோம். வண்டியும் போய், முடிப்பும் கோழிக் கூண்டுக்கு அடியில் போனால் எந்த முகத்தோடு அவன் முன்னால் நிற்பேன்.

இன்று வண்டிச் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடும்போது இவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்துவிட்டார். "என்னளா தேடுதே?" தோட்டுத் திருகாணி என்றேன். பொய். இவரிடம் நேர்த்தி என்று சொல்லியிருந்தால், முருகன் வந்து ரிங்கு மாத்துவானா என்று கேட்டிருப்பார்.

இரவு ரசம், அப்பளம். இவர் இரண்டு வாய்தான்.

11, புதன்

இவர் பிற்பகல் இரண்டிலிருந்து நாலு மணி மருந்து வரை தூங்குவார். அந்த நேரத்தில் வண்டிக்குள் போனேன்.

குழாயைத் தொட்டுக்கொண்டே போனேன். சீட்டுக்குப் பின்னால் வளைந்து, நடுவில் பெட்டி போட்டு மூடியிருக்கிற எஞ்சினுக்குள் போகிறது. பெட்டியைத் திறந்தால், பெரிய பொரிக்கடலை டப்பா அளவில் ஒரு வட்டத் தகர டப்பா. குழாய் முடிவது அதில். வண்டியோடு வந்த கம்பெனிப் புத்தகத்தில் படம் தேடினேன். வள்ளி நாலாவது படிக்கும்போது அவள் பாடப் புத்தகத்தை வைத்து நானாகக் கற்ற இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். டப்பாவின் பெயர் ஏர் கிளீனர். எஞ்சின் காற்றை இதன் வழியாகத்தான் இழுக்கும். காகிதத்தால் ஆன ஃபில்டர் உள்ளே இருக்கும், தூசியை நிறுத்தும். அடைத்துக்கொண்டால்: 'கறுப்புப் புகை. வண்டிக்குப் பலம் குறையும்.'

அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன்.

ரோட்டுத் தூசி ஏறாமல் இருக்க இவரே யோசித்துக் குழாயை நீட்டி உள்ளே கொண்டுவந்திருக்கிறார். அது மூச்சுக் குழாய் என்று என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மூன்று கிளிப்பு, நடுவில் காது வைத்த நட்டு ஒன்று. கையாலேயே சுற்ற வந்தது. மூடியைத் தூக்கினேன்.

என் மஞ்சள் துணி. இழுத்த இழுப்பில் நார் நாராகப் பிரிந்து, காகித மடிப்புகளின் மேல் களிம்பு பூசினது போல ஒட்டிக் கிடக்கிறது. மடிப்பு இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. டப்பாவின் அடியில் முடிப்பு. அவிழவில்லை. கையில் எடுத்ததும் காசு இரண்டும் கிணுக்கென்றது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. இவர் இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது என் கைவேலை. இவர் கண்ணுக்காக நான் கட்டியது இவர் வண்டியின் கழுத்தை நெரித்திருக்கிறது. முருகா, இப்படியுமா.

நாலு மணி மருந்து பத்து நிமிஷம் தாமதம்.

12, வியாழன்

டாக்டரிடம் புது மருந்துச் சீட்டு வாங்கப் போவதாகச் சொல்லி, ராணிகஞ்ச் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு. (அதையும் வாங்கினேன். பொய் பாதிதான்.) பழைய ஃபில்டர் வயர் கூடையில், மேலே கொத்தமல்லிக் கட்டு.

மூன்று கடை. முதல் இரண்டில் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூன்றாவது கடைக்காரர் தாடி வைத்த பெரியவர், ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஸ்திரி கஹாங் ஹை, அம்மா?" மெக்கானிக் எங்கே என்று. மிஸ்திரிக்கு உடம்பு சரியில்லை, நான்தான் மாட்டப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். பெரியவர் அவனைப் பார்த்து, "சிரிக்கிறாயே, நீ போன வாரம் தலைகீழாக மாட்டிவிட்டு வந்தவன்தானே" என்றார்.

பிறகு மடிப்பில் ஒட்டியிருந்த மஞ்சள் நாரை விரலால் எடுத்தார். "யே கியா?" துணி என்றேன். எப்படிப் போனது என்று கேட்கவில்லை. நல்ல மனிதர். அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தார், ரப்பர் வளையமும் புதிது போடச் சொன்னார். டப்பாவைத் துடைக்கும்போது உள் ஓட்டை வழியாகத் தூசி எஞ்சினுக்குள் விழுந்தால் அப்புறம் நிஜமாகவே ரிங்கு போய்விடும், அந்த ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொள் என்றார்.

மறுபடியும் துணி.

13, வெள்ளி

தலைக்கு ஊற்றி, வாசலில் கோலம், விளக்கு. கறுப்புக் கையோடு விளக்கேற்ற மனம் வரவில்லை. வேலை நாளைக்கு.

புது ஃபில்டர் அரிசி டிரம்முக்குள். வெள்ளை வெளேரென்று, பாவாடைக் கொசுவம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. யாரோ உட்கார்ந்து மடித்திருப்பார்களா, மிஷினா?

டேனியல் அண்ணன் மாலையில் இவரிடம் பேச வந்தார். "கவலை நக்கோ, கவலப்படாதீங்க அண்ணே. வண்டி போனா என்ன, ரயில் இருக்கு. நானே ஓட்டறேன், நீங்க ஜன்னல் பக்கம் குந்துங்க." இவர் பதிலுக்கு ஊம் கொட்டினார். அண்ணன் போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாக, "அண்ணே இப்டி இருந்து பார்த்ததே இல்ல தங்கச்சி. எதையாச்சும் திட்டுனாருன்னா நிம்மதியா இருக்கும்" என்றார்.

இவரிடம் சொல்லிவிடலாமா. பேசாமல் மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தன் உடம்பு தேய்ந்த மாதிரி எஞ்சினும் தேய்ந்துவிட்டது என்று இவர் நம்பிக்கொண்டே இருப்பார்.

14, சனி

செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. சாவி என் இடுப்பில். எஞ்சின் சூடாக இருக்கக்கூடாது.
2. வெளியே, டப்பாவைச் சுற்றித் தூசி துடைக்க. பிறகே திறக்க.
3. உள் ஓட்டையில் துணி.
4. டப்பாவின் உட்புறம் துடைக்க. மூலையில் நார் இருக்கும்.
5. குழாயைக் கழற்றி உதற. (இன்னும் ஒரு விரல் நீளத் துணி வந்தது.)
6. உள் ஓட்டைத் துணியை எடுக்க. எடுக்க. எடுக்க.
7. புது ஃபில்டர், ரப்பர் வளையம். கோணாமல் உட்கார வேண்டும்.
8. மூடி, நட்டு, கிளிப்பு மூன்று.

இரண்டேகாலுக்கு ஆரம்பித்து மூன்றேகால் ஆகிவிட்டது. ஃபில்டர் முதலில் உட்காரவே இல்லை. பழைய வளையத்தை எடுக்காமல் புதியதை மேலே வைத்திருந்தேன். மூடியை மூடின பிறகு ஆறாவதைச் செய்தேனா என்று சந்தேகம். செய்தது நினைவிருக்கிறது, ஆனாலும் திறந்து பார்த்தேன். துணி என் தோளில்தான் கிடந்தது. கிளிப்பில் சுண்டுவிரல் நசுங்கி நகம் கறுத்துப் போயிற்று.

டிரைவர் சீட்டில் ஏறி, கியர் நடுவில் இருக்கிறதா என்று இவர் முன்பு சொல்லித் தந்தபடி ஆட்டிப் பார்த்து, சாவியைத் திருப்பினேன். ஒருமுறை இருமியது. மறுமுறை பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் கறுப்பு, பிறகு புகையே இல்லை.

நிமிர்ந்தால் வாசல்படியில் இவர். கண்ணுக்குப் பச்சை மறைப்பு, ஒரு கை நிலைப்படியில். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"யாரு உள்ள?"

"நான்தான்."

"கொஞ்சம் மிதி." மிதித்தேன். "இன்னும்." மிதித்தேன். "நிறுத்து." நிறுத்தினேன். "ரிங்கு போன வண்டி இப்படிப் பாடாதுல்லா. என்ன செஞ்சே?"

பழைய ஃபில்டரை இவர் கையில் கொடுத்தேன். மடிப்பு மடிப்பாகத் தடவினார். நாரில் விரல் நின்றது. "இது என்னது, துணியா?"

சொல்லிவிட்டேன். வேண்டுதல், குழாய், திருகாணிப் பொய், ராணிகஞ்ச், எல்லாம். கோபப்படட்டும் என்றுதான் நின்றேன்.

இவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கிற்று. அழுகிறாரோ என்று பதறிப் பக்கத்தில் போனால் சிரிப்பு. சத்தம் வராமல், வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு.

"சிரிக்கக் கூடாதுங்க. தையல் விட்ரும்."

"நீ பேசாத. பேசுனா இன்னும் வருது." பிறகு, "முப்பத்தேழு வருஷம் மிஷின் சத்தம் கேட்ட காது. ஒரு மஞ்சத் துணி ஏமாத்திட்டு" என்றார். கறுத்த நகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கையை விடவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா யாதையாட்ட சொல்லிட்டனே" என்றார். "வண்டி நல்லா இருந்தா மட்டும் போதுமா? ஓட்டுதவன் நல்லா இல்லியே."

கொடுத்த வார்த்தையை மாற்றச் சொல்லி இவரிடம் எப்போதும் கேட்டதில்லை.

15, ஞாயிறு

மேகமூட்டம். உப்புமா. இவர் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சாப்பிட்டார்.

பத்து மணிக்கு யாதையாவும் அவர் மெக்கானிக்கும். டே. அண்ணன் ஓட்டினார், மெக்கானிக் பக்கத்தில். மௌலா அலி வரை போய்த் திரும்பினார்கள். நான் செய்த வேலையின் பலன்: மெக்கானிக் இறங்கியதும் எஞ்சின் அருமை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று யாதையாவிடம் சொன்னான். யாதையா தானாகவே ஐந்நூறு கூட்டித் தருகிறேன் என்றார். முந்தானையைக் கடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒருவேளை வேண்டாம் என்று போயிருப்பார்.

இவர் வண்டிப் பக்கம் போய்ப் பக்கப் பலகையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு தெலுங்கில், "இந்த வண்டிக்கு ஒரு மொக்கு உண்டு யாதையா. வீட்டம்மா வேண்டிக்கொண்டது. இதே வண்டியில் போய்ச் செலுத்த வேண்டும். எனக்கு நேற்றுத்தான் தெரியும்" என்றார்.

நேர்த்திக்கு ஒரு விளக்குக்கூட ஏற்றாத மனிதர்.

யாதையா பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மொக்கு உன்னதா அம்மா?" நேர்த்தி இருக்கிறதா என்று கதவுப் பக்கம் திரும்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். "முந்தே செப்பொத்தா", முன்னாலேயே சொல்ல வேண்டாமா என்று இவரைத்தான் கடிந்துகொண்டார். மொக்கு இருக்கிற பொருளை விலை பேசியது தனக்குப் பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்த சாமி, எவ்வளவு தூரம், கடல் கோயிலுக்குப் பக்கத்திலேயா என்றெல்லாம் விசாரித்தார். காப்பி குடித்தார். போய் முடித்துவிட்டு வாருங்கள், வந்ததும் சொல்லுங்கள், அப்போதும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

டே. அண்ணன், "சித்திரையில லீவு போடறேன், திருச்செந்தூர் வரைக்கும் நானே ஓட்டறேன், அண்ணே ஹாரன் அடிக்கட்டும்" என்றார். "எதுக்கு, நீ தூங்கிட்டேன்னா எழுப்பவா" என்று இவர் கேட்டார். திட்டுதான். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

மாலை இவரும் நானும் வண்டிக்குள். இவர் என்னை மூடியைத் திறக்கச் சொல்லி, காது நட்டை விரலால் சோதித்தார். "இவ்வளவு முறுக்கக் கூடாது. அடுத்த தடவை கழத்தப் பாடுபடுவே." அடுத்த தடவையும் நான்தான் போலிருக்கிறது.

பிறகு படுக்கையில் சாய்ந்துகொண்டு, "நேர்த்தி முடிஞ்ச மறுநாளே யாதையா வந்து நிப்பான். அப்ப என்னளா சொல்லப் போறே?"

"அதுக்குள்ள வேற ஒண்ணு முடிஞ்சு வச்சிட்டாப் போச்சு."

"இனி எதுக்கு?"

"இன்னொரு கண்ணு இருக்குல்லா."

தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அதைக் கொண்டுபோய்க் குழாயில கட்டிராத" என்றார்.